நான் கடலில் மூழ்கவில்லை, மேவிஸ் அக்கா

மோர்கம்,
நவம்பர் 1997, வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மேவிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி ஹெர்பர்ட் பில்லிங் உயிரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் டோரீனும் மகன் நைஜலும் ஒழுங்காக மூச்சுவிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே பெர்த்தில் நீயும் ராய் அத்தானும் பிள்ளைகளும் அதேபோல மூச்சுவிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

நைஜலுக்கு நீ எழுதிய இரங்கல் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அவன் வெளியே போயிருந்ததால் நான் பிரித்தேன். மற்றவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாதுதான், ஆனால் என் சாவைப் பற்றிய கடிதத்தைப் படிக்க எனக்கில்லாத உரிமை யாருக்கு இருக்கிறது? 'உன் அப்பா பிடிவாதக்காரன், ஆனால் உள்ளுக்குள் தங்கம்' என்று எழுதியிருக்கிறாய். பதினாறு வருஷமாக ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூட அனுப்பாதவள், நான் செத்துப்போனேன் என்றதும் தங்கம் என்கிறாய். மூன்று முறை படித்துவிட்டு, சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த டோரீனுக்குச் சத்தமாகவும் படித்துக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்காக அழுதாள். அப்புறம் எதிரில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். அதற்கும் அப்புறம்தான் ஆரம்பித்தது.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?"

"'டோரீனும் பாவம்'னு போட்டிருக்கா."

"அவ்வளவுதானா? உங்களுக்கு ஒரு பக்கம், எனக்கு ரெண்டு வார்த்தையா? ஒரே படகுலதானே செத்தோம்? அடுத்த தடவை நான் தனியா செத்துக்கறேன் போங்க."

அவளுக்கும் சேர்த்து ஒரு நல்ல வரி எழுதி அனுப்பு. வீட்டில் சமாதானம் வேண்டும்.

முடிதிருத்தும் கடையில் கிடைத்த பழைய பத்திரிகையிலிருந்து நீ கிழித்து வைத்திருந்த பக்கத்தையும் பார்த்தேன். 'இவர்கள் இப்போது எங்கே?' என்ற தலைப்பில், 'தகரக்குடை' என்ற இசைக்குழுவின் பாடகன் செபாஸ்டியன் ஸ்டார்ம், சிறுவயதிலேயே பெற்றோரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கலங்கரை விளக்கத்தில் தனியாக வளர்ந்தவன் என்று போட்டிருக்கிறது. சிறுவயதையும் கலங்கரை விளக்கத்தையும் பத்திரிகைக்காரன் புளுகு என்று தள்ளிவிட்டு, சாவை மட்டும் நம்பிவிட்டாய். பெயரைக் கொண்டு உனக்குத் தெரியவில்லை, படத்திலிருந்த அந்த மூக்கைப் பார்த்துத்தான் நம் நைஜல் என்று கண்டுபிடித்தாய் என்று எழுதியிருக்கிறாய். கரெக்ட். அவர்கள் அவன் பெயரை மாற்றினார்கள், முடியின் நிறத்தை மாற்றினார்கள், பெற்றோரைத் தீர்த்துக்கட்டினார்கள், ஆனால் பில்லிங் மூக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பக்கத்தில் டீ வைத்துக்கொள்.

நைஜலுக்கு நல்ல குரல் என்பதை நான் என்றைக்குமே மறுத்ததில்லை. தேவாலயத்துப் பாடகர் குழுவில் அவன் பாடினால் முன்வரிசைக் கிழவிகள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்கள். அதோடு விட்டிருக்கலாம். நீ ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது அவனுக்கு ஒரு கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனாய். அன்று முதல் என் டிரைவிங் ஸ்கூல் கார் தெருவில் மழையில் நின்றது, கார் ஷெட்டில் நைஜலும் அவன் சிநேகிதன் பேசில் ஹார்க்கரும் நின்றார்கள். பேசிலிடம் அப்போது டிரம் கிடையாது, டோரீனின் பிஸ்கட் டப்பாக்கள்தான். மழை பெய்தால் ஷெட்டின் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் அவர்கள் பாட்டு அவர்களுக்கே கேட்காது. அதனால்தான் குழுவுக்கு 'தகரக்குடை' என்று பெயர். 1981இல் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கான படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லண்டனுக்கு வேனேறிப் போனான். அந்தக் கோபத்தில்தான், எல்லாம் உன் கிட்டாரால் வந்தது என்று நான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், நீயும் பேச்சை நிறுத்திக்கொண்டாய். அதில் எழுதிய எதையும் நான் வாபஸ் வாங்குவதாக இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: வாழ்நாள் முழுவதும் யாரோ ஓட்டும் காரில், என் பக்கத்துப் பிரேக்கின்மேல் ஒரு காலை வைத்தபடி உட்கார்ந்து சம்பாதித்தவன் நான். பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் என் பக்கத்தில் பிரேக் இல்லாமல் போய்விட்டது.

லண்டனில் ட்ரிஸ்ட்ரம் என்று ஒருவர் கிடைத்தார். மேனேஜர். மழைக்காலத்திலும் வெள்ளை ஷூ போடுகிற ஆள். "நைஜல் பில்லிங்னா பல்லு புடுங்குற டாக்டர் பேரு மாதிரி இருக்கு தம்பி" என்று சொல்லி அவர்தான் செபாஸ்டியன் ஸ்டார்ம் என்று வைத்தார். ஸ்டார்மாம், புயலாம்! சின்னவயதில் காற்று பலமாக அடித்தால் எங்கள் படுக்கையில் வந்து ஒண்டிக்கொள்கிற பையன் அவன். சரி, பெயர்தானே என்று பொறுத்துக்கொண்டோம். 1984இல் ஒருநாள் பக்கத்து வீட்டு மிஸஸ் கிரிம்ஷா ஒரு கையில் பத்திரிகையும் மறு கையில் இறைச்சிப் பணியாரமுமாக வந்து வாசலில் நின்றார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் பில்லிங், மனசைத் தேத்திக்குங்க. நீங்க செத்துட்டீங்க."

"எப்போ?"

"எழுபதுலயே போயிட்டீங்களாம். நீங்களும் டோரீனும். படகு கவுந்து."

"எனக்குத் தண்ணின்னாலே ஆகாதே, நான் எதுக்குப் படகுல போனேன்?"

"மீன் பிடிக்கப் போனீங்களாம். பணியாரம் சூடா இருக்கு, சாப்பிட்டுட்டு அப்புறமா துக்கப்படுங்க."

மோர்கம் கடலைப் பற்றி உனக்குத் தெரியாததா? பாதி நேரம் அது ஊரிலேயே இருக்காது. நீர் வடிந்தால் அடிவானம் வரைக்கும் சேறுதான். இங்கே மூழ்கிச் சாக வேண்டுமென்றால் சாப்பாடு கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்ப வேண்டும். ட்ரிஸ்ட்ரம் ஒருமுறையாவது இந்த ஊருக்கு வந்து பார்த்திருந்தால் வேறு சாவாகக் கொடுத்திருப்பார். நான் உடனே நைஜலுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏண்டா, நான் செத்துட்டேனாமே?"

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பையன்னா யாரும் ரெக்கார்டு வாங்க மாட்டாங்களாம். கொஞ்சம் சோகம் வேணும்னு ட்ரிஸ்ட்ரம் சொல்றாரு."

"என்னைக் கொன்னது இருக்கட்டும், உங்கம்மாவை எதுக்குடா கொன்ன?"

"ஒருத்தரை விட்டு வச்சா பேட்டி எடுக்க வந்துடுவாங்கப்பா. அம்மா வேற நல்லா பேசுவாங்க."

டோரீன் ரிசீவரைப் பிடுங்கி, "செத்ததெல்லாம் சரி, வேளாவேளைக்குச் சாப்பிடறியா?" என்று கேட்டாள். தாயின் மனசு அப்படி. நான் பணியாரத்தை எடுத்துச் சாப்பிட்டேன்.

அந்தச் சோகத்தை வைத்து ஒரு பாட்டும் போட்டார்கள். 'கரைக்கு வராத படகு'. அக்கா, அந்தக் குளிர்காலத்தில் இந்த நாட்டில் என் சாவு கேட்காத இடமே இல்லை. இறைச்சிக் கடையில் கேட்டது, பல் டாக்டர் அறையில் கேட்டது, ஒரு கல்யாண வீட்டில்கூட ஆடினார்கள். பெல்ஜியத்தில் எங்களுக்காகத் தனியாகப் பூசை வைத்ததாகக் கேள்வி. ஒருநாள் ஒரு பெண்பிள்ளைக்குக் கார் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கெஞ்சிக் கேட்டாளே என்று ரேடியோ போட அனுமதித்தேன். பாட்டு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டாள்.

"பாவம் சார் அந்த அப்பா. எவ்வளவு நல்லவரா இருந்திருப்பாரு!"

"அம்மா, சிவப்பு விளக்கு."

"கடைசி நிமிஷத்துல மகனை நினைச்சிருப்பாரு இல்ல சார்?"

"பிரேக்! பிரேக்!"

என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டைக் கேட்டே அந்த அப்பா மறுபடியும் செத்திருப்பான்.

கோடைக்காலம் வந்ததும் பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கறுப்பு உடை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, கையில் பூங்கொத்து. ஊரில் எல்லாருக்கும் உண்மை தெரியும். ஆனால் விடுதிகளில் இடமில்லை, இறால் கடைகளில் வரிசை நிற்கிறது, ஐஸ்கிரீம்காரன் இரண்டாவது வண்டி வாங்கிவிட்டான். பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? என்னைக் கண்டால் எல்லாரும் கண்ணைச் சிமிட்டுவதோடு சரி. ஒருநாள் கடற்கரைச் சாலையில் நாலு பெண்கள் என்னையே மறித்து, "ஐயா, செபாஸ்டியனோட அப்பா மூழ்கின இடம் எது?" என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல முடியும், சொல்? அவர்கள் திரும்பிப் போக வசதியாக பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு இடத்தைக் காட்டினேன். அதிலிருந்து அதுதான் இடம் என்று ஆகிவிட்டது. ஒரு பெண் என் கையிலும் ஒரு ரோஜாவைக் கொடுத்துக் கடலில் போடச் சொன்னாள். கடல் அன்று ஊரில் இல்லை, சேற்றில் போட்டேன். மற்ற பூக்களை, காற்று கொண்டுபோவதற்குள் பொறுக்கிக்கொண்டு வந்து டோரீனிடம் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குக் கொடுத்த மொத்தப் பூக்களைவிட அந்தக் கோடையில் கொடுத்தது அதிகம். அவளும் மறுக்காமல் ஜாடியில் வைத்தாள். எங்கள் நினைவு நாளை நாங்கள் அப்படிக் கொண்டாடினோம்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு அளவுக்கு. நைஜல் வீட்டுக்கு வருவது மட்டும் குறைந்துகொண்டே போனது. முதல் கிறிஸ்துமஸுக்குப் பொய்முடியும் கம்பளிக் கோட்டுமாகப் பின்சந்து வழியாக வந்தான். திருடன் என்று நினைத்து மிஸஸ் கிரிம்ஷா துடைப்பத்தால் சாத்திவிட்டார். அடுத்த வருஷம் ஃபோன் மட்டும். அதற்கடுத்த வருஷம் ட்ரிஸ்ட்ரம் கையெழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை. 1987இல் டோரீனுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். சாயங்காலம் நைஜல் ஆஸ்பத்திரிக்கு வந்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தும் நர்ஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க செபாஸ்டியன் ஸ்டார்ம் இல்ல? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்தை" என்றான்.

அவன் போன பிறகு டோரீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஏதோ தமாஷாகப் பேசிப் பார்த்தேன். "படகுல செத்தது வலிக்கலைங்க" என்றாள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதுகிறேன்.

ஏறினது இறங்கத்தானே வேண்டும். இரண்டாவது ரெக்கார்டு ஓரளவு போனது. மூன்றாவதைப் பெல்ஜியத்தில் மட்டும் வாங்கினார்கள். நாலாவதைப் பெல்ஜியமும் கைவிட்டது. கிட்டார்காரன் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஸ்பெயின் போய்விட்டான், ட்ரிஸ்ட்ரம் வேறு யாரோ சின்னப் பையன்களைப் பிடித்து அவர்களையும் அநாதையாக்கப் போய்விட்டார். நைஜலும் பேசிலும் மட்டும் மிச்சம். கிடைத்த இடத்திலெல்லாம் பாடினார்கள். கடைசியாக, ஹாலந்துக்குப் போகிற பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் பாடுகிற வேலை. அங்கே நடந்ததைப் பேசில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வடகடலில் பெரிய அலை, கப்பல் தொட்டில் மாதிரி ஆடுகிறது, பயணிகள் எல்லாரும் முகம் வெளிறிக் காகிதப் பையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 'கரைக்கு வராத படகு' பாடியிருக்கிறான். இரண்டாவது அடியிலேயே ஒரு அம்மா உயிர்காக்கும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவர் பின்னால் சாப்பாட்டுக் கூடமே ஓடியிருக்கிறது. கப்பல் தலைவர் நேரில் வந்து, "தம்பி, உனக்கு வேற பாட்டு தெரியுமா?" என்று கேட்க, நைஜல், "தெரியும், ஆனா யாரும் கேட்டதில்லை" என்றானாம். திரும்பி வரும்போது அவர்களை டிக்கெட் வாங்க வைத்துத்தான் ஏற்றினார்கள்.

அப்படியாக 1994இல் ஒரு மத்தியானம் இரண்டு பெட்டியோடும் மேடையில் புகை விடும் ஒரு இயந்திரத்தோடும் வாசலில் வந்து நின்றான். முன்வாசலில்! பொய்முடி இல்லை. சொந்த முடியும் அவ்வளவாக இல்லை. நான் என்ன பேசுவதென்று முன்கூட்டியே பல வருஷமாக யோசித்து வைத்திருந்தேன் அக்கா, நல்ல காரசாரமான பேச்சு. ஆனால் டோரீன் குறுக்கே வந்து, "உள்ள வாடா, அத்தை தட்டு வச்சிருக்கேன்" என்றாள். அவன் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். என் பேச்சு பேசப்படாமலே போனது.

சும்மா இருக்க வேண்டாமே என்று அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முப்பத்துநாலு வயது, உலகமெல்லாம் பெரிய பெரிய கார்களின் பின்சீட்டில் சுற்றியவன், முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. க்ளச்சுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் அந்தக் காரில் பேசிக்கொண்டதுதான் பல வருஷத்துப் பேச்சு. எல்லாம் 'இடப்பக்கம்', 'கண்ணாடியைப் பாரு', 'ரோட்டைக் கடக்கற அந்தக் கிழவர் உன்கிட்ட என்னடா பாவம் பண்ணாரு' என்கிற மாதிரிதான், ஆனாலும் பேச்சு. மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணினான். அப்புறம் அவனே கற்றுக்கொடுக்கவும் கற்றுக்கொண்டான். எனக்கு வயதாகிவிட்டதால் பாதி வகுப்புகளை இப்போது அவன்தான் எடுக்கிறான். ஊர்ப்பெண்கள் மகள்களைச் சேர்க்கும் சாக்கில் தாங்களும் பின்சீட்டில் ஏறிக்கொள்கிறார்கள். பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நானும் நிம்மதியாக இருந்தேன்.

இந்த செப்டம்பரில்தான் வினை வந்தது. கடற்கரையோரத்துப் பழைய அரங்கத்தைப் பழுதுபார்த்துத் திறக்கிறார்கள், திறப்புவிழாவுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, 'தகரக்குடை' பாட வேண்டும் என்று ஊர்சபை கேட்டது. பேசில் துள்ளிக் குதித்தான், அவன் கெஞ்சியதற்காக நைஜலும் இந்த ஒரு தடவை மட்டும் என்று தலையாட்டினான். வாசனை பிடித்துக்கொண்டு ட்ரிஸ்ட்ரமும் வந்து சேர்ந்தார், அதே வெள்ளை ஷூ. எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் நைஜலிடம் சொன்னார்: "நாடு பூரா ரசிகருங்க வர்றாங்க. ஒரே ஒரு கண்டிஷன். இவங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

நைஜல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். டோரீன்தான் சொன்னாள்: "நான் செத்தவதானே? செத்தவளுக்கு டிக்கெட் எதுக்கு? எந்தக் கதவு வழியா வேணும்னாலும் வருவேன்."

வந்தாள். எனக்குப் போக இஷ்டமே இல்லை, அவள் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற தோரணையைப் பார்த்து நானும் தொப்பியை எடுத்துக்கொண்டேன். ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தோம். அரங்கம் நிறையக் கறுப்பு உடைப் பெண்கள். முன்பு பார்த்தவர்கள்தான், இப்போது கொஞ்சம் பருத்து, கணவனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நைஜல் மேடைக்கு வந்தான். அக்கா, அவன் மேடையில் பாடி நான் பார்த்ததே இல்லை. செத்தவன் எப்படிப் போய்ப் பார்ப்பது? கார் ஷெட்டில் கத்திக்கொண்டிருந்த பையனை எதிர்பார்த்துப் போனேன். இவன் வாயைத் திறந்ததும் என் பக்கத்தில் பிரேக் இல்லையே என்கிற பயமே வரவில்லை. அவனுக்குத் தெரியும், எங்கே வேகம், எங்கே திருப்பம் என்று.

கடைசியில் அந்தப் பாட்டு. விளக்கை அணைத்தார்கள், புகை இயந்திரத்தைப் போட்டார்கள். என் பக்கத்திலிருந்த பெண் ஏற்கெனவே அழ ஆரம்பித்து, எனக்கும் ஒரு கைக்குட்டையை நீட்டினாள். 'அப்பா, உன் குரல் எந்த அலைக்குள்ளே' என்று நைஜல் இழுத்த இடத்தில் புகை முழுவதும் தூணைச் சுற்றிக்கொண்டு என் தொண்டைக்குள் போனது. நான் அடக்கிப் பார்த்தேன். அடக்க அடக்க அது பெரிதாகி, என் இருமல் உனக்குத்தான் தெரியுமே, பழைய லாரி கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது. மேடையில் பாட்டு நின்றது. புகைக்குள்ளிருந்து மைக்கில் நைஜலின் குரல் வந்தது. செபாஸ்டியன் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"அப்பா? தண்ணி வேணுமா?"

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், வாய் பேச முடியவில்லை. மேடை ஓரத்தில் ட்ரிஸ்ட்ரம் இரண்டு கையையும் ஆட்டியது தெரிந்தது. நைஜல் அவரைப் பார்த்தான், அப்புறம் எங்களைப் பார்த்தான்.

"விளக்கைப் போடுங்க" என்றான். "அந்தத் தூண் பக்கத்துல இருமறாரே, அவருதான் எங்கப்பா, ஹெர்பர்ட் பில்லிங். நீலக் கோட்டுல இருக்கறது எங்கம்மா. அத்தை இல்லை, அம்மா. ரெண்டு பேரும் எந்தப் படகுலயும் போகலை. என் பேரு நைஜல். எங்கப்பா கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவரு. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாச்சு."

பிறகு நடுவிலிருந்து ஒரு குரல்: "அப்போ பதிமூணு வருஷமா நாங்க அழுதது?" இன்னொரு பெண் எழுந்து என்னைச் சுட்டிக்காட்டி, "இந்த ஆளுதான்! மூழ்கின இடத்தைக் காட்டினதே இவருதான்! நான் ரோஜா குடுத்தேன்!" என்று கத்தினாள். செத்தோம் என்று நினைத்தேன், இந்த முறை நிஜமாகவே. யாரோ ஒரு கணவன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் மனைவி அவனை அடித்துவிட்டு அவளும் சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அப்போது டோரீன் எழுந்து நின்றாள். சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில்:

"நைஜல்! ஆரம்பிச்சதை முடி. கடைசி பஸ் போயிடும்."

அவன் முடித்தான். என் சாவை முழுவதுமாக அன்றுதான் கேட்டேன், இவ்வளவு நாளும் பாதியிலேயே ரேடியோவை நிறுத்திவிடுவேன். கண்ணீரும் சிரிப்புமாகக் கூடவே எல்லாரும் பாடினார்கள். அந்த ரோஜாப்பெண் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது நைஜல், "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டான். சொல்வதற்கு நிறைய இருந்தது. "மூணாவது அடி நல்லா இருந்துது" என்றேன். அவன் அதற்கே தலையைத் திருப்பிக்கொண்டான். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

மறுநாள் பேப்பரில் 'மூழ்கிய தந்தை இருமினார்' என்று போட்டார்கள். ட்ரிஸ்ட்ரம், நைஜலின் வாழ்க்கையே முடிந்தது என்று சொல்லிவிட்டு முதல் ரயிலில் போய்விட்டார். நைஜலும், போதும், மனதிலிருந்த பாரம் இறங்கிவிட்டது, இனிமேல் பாட்டு என்கிற பேச்சே கிடையாது என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். பெயர்ப்பலகையை 'பில்லிங் மற்றும் மகன்' என்று மாற்றப்போகிறோம். நானும் இனி நாடகம், அரங்கம், மேடை என்று எந்தக் கூத்துக்கும் போவதாக இல்லை, ஒருமுறை பட்டது போதும். நீ எழுதியிருக்கிற உன் பையன் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட நினைத்தாலும் சிரமப்படாதே. விமானத்தில் எனக்கென்று பிரேக் கிடையாது, ஆகவே நான் ஏறமாட்டேன். நாம் கடிதத்திலேயே சமாதானமாகிக்கொள்ளலாம்.

ராய் அத்தானுக்கு என் வணக்கமும் அவர் முதுகுவலிக்கு என் அனுதாபமும். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, முடிந்தால் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல், நல்லபடியாக வாழட்டும். கடவுள் உன் வீட்டில் சிரிப்பையும் உன் குளிர்சாதனப் பெட்டியில் நல்ல வெண்ணெயையும் குறையாமல் வைக்கட்டும்.

உள்ளுக்குள் தங்கமான உன் தம்பி,
ஹெர்பர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஃபோன் வந்தது. ட்ரிஸ்ட்ரம். அன்றைக்கு யாரோ அரங்கத்தில் எடுத்த வீடியோவை டெலிவிஷனில் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து கேட்கிறார்களாம், ஊர் ஊராக நிகழ்ச்சி, ஆனால் இருமுகிற அப்பாவும் அதட்டுகிற அம்மாவும் கூட வந்தால்தான். முடியவே முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நைஜல் என்னைப் பார்த்தான். டோரீன் அதற்குள் மாடிக்குப் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிட்டுப் படி. மார்ச் மாதம் பெர்த்துக்கு வருகிறோம், நான், டோரீன், நைஜல், பேசில், அவன் டிரம், எல்லாரும் உன் வீட்டில்தான். பேசில் குறட்டை விடுவான், அவனுக்குத் தனி அறை போடு. முன்வரிசையில் உனக்கும் அத்தானுக்கும் இடம் சொல்லிவிட்டேன். நான் மூழ்கும்போது எழுந்து கத்தாதே. ஒன்பது மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடுவேன், சேர்ந்து வீட்டுக்குப் போகலாம்.